அளவு ப்ளவுஸ் பழசாகிவிட்டது, அம்மா

மனநல ஆலோசகரான எனக்கு ஓர் அம்மாவிடமிருந்து வந்த கடிதம் ஒன்பது பக்கம். ரூல் போட்ட நோட்டுத்தாளில், இரண்டு பக்கமும், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன். ஆள் தெரிந்துவிடக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். சுருக்கம் இது.

எழுதியவருக்கு வயது 66. தென்மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். கணவர் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர். நான்கு வருடத்துக்கு முன் தவறிவிட்டார். இவர் வீட்டுத் திண்ணையில் கால் மெஷின் போட்டு 35 வருடம் ப்ளவுஸ் தைத்தவர். மகள் கோவையில். மகன் சென்னைப் புறநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில். கணவர் போன ஆறாவது மாதம் மகன் வந்து அழைத்துப்போய்விட்டார். மெஷினுக்குப் பழைய போர்வை ஒன்றைப் போர்த்திவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

போன தையில் அண்ணன் மகன் கல்யாணம். அப்புறம் வீடியோ வந்தது. டிவியில் போட்டு எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையில், பந்தியில் குனிந்து உட்கார்ந்திருந்த ஒரு கிழவியைப் பார்த்து, "அம்மா எப்படி இங்க?" என்று ஒரு விநாடி நினைத்திருக்கிறார். அவருடைய அம்மா இறந்து 18 வருடம் ஆகிறது. சேலையைப் பார்த்த பிறகுதான் அந்தக் கிழவி தானேதான் என்று தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து குளியலறைக் கண்ணாடியை நிமிர்ந்து பார்க்காமலேயே பல் தேய்க்கிறாராம்.

இன்னும் சின்னச் சின்னதாக நிறைய. தலைக்குச் சாயம் பூசினால் அரிக்கிறது, விட்டால் வெள்ளையாகத் தெரிகிறது. மதுரையில் ஆசைப்பட்டு வாங்கிய மாம்பழக் கலர் சுங்குடிச் சேலை இரண்டு வருடமாகப் பீரோவில் கிடக்கிறது, "இப்படி ஆன பொறகு இந்தக் கலரா?" என்று நாத்தனார் கேட்டது காதிலேயே நிற்கிறது. எதைத் தொட்டாலும் மருமகள் "நீங்க ரெஸ்ட் எடுங்க அத்தை" என்கிறாள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பென்ஷன் வரும் ஏடிஎம் கார்டு மகனிடம். ஊர் வீட்டைத் தன் பெயருக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லி மகன் இரண்டு தடவை கேட்டுவிட்டார். "எப்படியும் அவனுக்குத்தானே, கொடுத்துவிட்டால் பாரம் குறையுமா?" என்று என்னிடம் கேட்கிறார். "நான் உயிரோடு இருப்பது வருஷத்துக்கு ஒரு தடவை லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்கும்போதுதான் எனக்கே ஞாபகம் வருகிறது" என்று ஒரு வரி எழுதியிருந்தார். வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த வரி: "சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் எல்லாருக்கும் நல்லது."

கையெழுத்துக்குக் கீழே ஒரு பின்குறிப்பு, இரண்டே வரி. அதற்குப் பிறகு வருகிறேன்.

அன்புள்ள அம்மா,

போய்ச் சேருவது பற்றிய அந்த வரியிலிருந்து தொடங்குகிறேன். நம் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் சாதாரணமாக வரும் பேச்சுதான் அது. முட்டி வலித்தாலும் சொல்வார்கள், சாம்பாரில் உப்பு கூடினாலும் சொல்வார்கள். ஆனாலும் நான் கேட்டாக வேண்டும். அலுப்பில் வந்த வார்த்தையா? இல்லை, எப்படி, எப்போது என்றெல்லாம் மனசு யோசித்துப் பார்க்கிறதா? இரண்டாவது என்றால் இந்தப் பதிலை இங்கேயே வைத்துவிட்டு 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி அது; எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். மகளிடமும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அலுப்புதான் என்றாலும் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனசு ஒட்டவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து நெஞ்சு கனக்கிறது என்றால் அதை வயசின் கணக்கில் எழுதாதீர்கள். மனச்சோர்வு என்பது மருந்துக்கும் பேச்சுக்கும் கட்டுப்படுகிற நோய். தைராய்டு குறைவும் பி12 சத்துக் குறைவும் ரத்தசோகையும்கூட அதே வேஷத்தில் வரும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மனநல மருத்துவரிடம் போனால் பைத்தியம் என்பார்கள் என்று பயப்படுகிறீர்கள். இன்று காலை எங்கள் கிளினிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு வங்கி மேனேஜர், பரீட்சை பயத்தோடு வந்த ப்ளஸ் டூ பையன், அம்மாவை இழந்த ஒரு மளிகைக் கடைக்காரர். உங்களுக்கும் அங்கே ஒரு நாற்காலி உண்டு.

அந்தப் பின்குறிப்பு

"சிரித்தால், தும்மினால் சிறுநீர் கசிகிறது. இதை யாரிடம் சொல்ல?"

இதைப் படித்ததும் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். கல்யாணத்தில் யாரோடும் பேசாமல் பந்தியின் ஓரத்தில் உட்கார்ந்தது, கோவைக்கு மகள் கூப்பிட்டும் பேருந்தில் போக மறுத்தது, வெள்ளிக்கிழமை கோயிலை நிறுத்தியது, சாயங்காலம் குடியிருப்புப் பெண்கள் கீழே பெஞ்சில் கூடும்போது மாடியிலேயே இருந்துவிடுவது. எல்லாவற்றுக்கும் "வயசாச்சு, மனசில்லை" என்றே காரணம் எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ பாதிக் காரணம் மனசில் இல்லை, மூத்திரப்பையில் இருக்கிறது என்று படுகிறது. நனைந்துவிடுமோ, வாடை வருமோ, கழிப்பறை எங்கே இருக்கிறதோ என்ற நினைப்பிலேயே இருப்பவர் எப்படிச் சிரிப்பார்? சிரிப்பதே ஆபத்தாக இருக்கும்போது சந்தோஷத்துக்கு எங்கே போவது?

நான் மனநல ஆலோசகர். அதனால் மகளிர் மருத்துவரான ஒரு தோழியிடம் உங்கள் விவரம் சொல்லாமல் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். அவள் முதலில் சொன்னது: "வர்ற அம்மாமார்ல பாதிப் பேர் வேற எதுக்கோ வந்துட்டு, கதவுகிட்ட போனப்புறம் திரும்பி நின்னு இதைச் சொல்வாங்க." நீங்களும் கதவருகே நின்றுதான் சொல்லியிருக்கிறீர்கள்.

இடுப்பெலும்பின் அடியில் சில தசைகள் தூளி மாதிரி குறுக்கே கட்டியிருக்கும். மூத்திரப்பையையும் கர்ப்பப்பையையும் தாங்குவது அந்தத் தூளி. பிள்ளை பெற்றதிலும், மாதவிடாய் நின்று ஹார்மோன் குறைந்ததிலும், வருடக்கணக்கில் மலச்சிக்கலோடு முக்கியதிலும் அது தொய்ந்துபோகும். இருமும்போதும் சிரிக்கும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி, தொய்ந்த இடத்தில் கசிகிறது. தசை என்பதால் பயிற்சி கொடுத்தால் இறுகும். மூத்திரம் வருவதை அடக்க எந்த இடத்தை இறுக்குவீர்களோ, அதே இடத்தை உள்ளே மேலாக இழுத்து, மூச்சைப் பிடிக்காமல் ஐந்து எண்ணுங்கள். விட்டுவிட்டு மறுபடி ஐந்து எண்ணுங்கள். ஒரு வேளைக்குப் பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. உட்கார்ந்தும் செய்யலாம், படுத்தும் செய்யலாம், யாருக்கும் தெரியாது. மூத்திரம் போய்க்கொண்டிருக்கும்போது மட்டும் செய்ய வேண்டாம். ஒரு வாரத்தில் பலன் தேடாதீர்கள். மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும்.

தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தப்பு, அம்மா. மூத்திரம் கெட்டியானால் பை இன்னும் உறுத்தும், கிருமித் தொற்றும் சேரும். ஐந்து வேளை டீயில் இரண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சாப்பிடும் பிரஷர் மாத்திரையில் நீரைப் பிரிக்கிற மருந்து இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். பயிற்சியைத் தொடங்கினாலும் ஒருமுறை மகளிர் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். சர்க்கரை இருக்கலாம், தொற்று இருக்கலாம், கர்ப்பப்பை இறங்கியிருக்கலாம். எரிச்சலோ ரத்தமோ இருந்தாலும், கீழே ஏதோ இறங்குகிற மாதிரி இருந்தாலும் இந்த வாரமே போங்கள். மாதவிடாய் நின்ற பிறகு சொட்டு ரத்தம் பட்டால்கூட நாள் கடத்தக்கூடாது. மகனிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் "லேடி டாக்டரைப் பாக்கணும்" என்று மட்டும் சொல்லுங்கள், போதும். மருமகளிடம் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. அவளும் பிள்ளை பெற்றவள்; உங்களிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ள அவளுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

கண்ணாடியில் வந்த அம்மா

வீடியோவில் பார்த்தது உங்கள் அம்மா என்று நினைத்த அந்த ஒரு விநாடியில் உங்களுக்கு என்ன தோன்றியது? அருவருப்பு என்று நீங்கள் எழுதவில்லை. "திக்கென்று இருந்தது, ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும் போல இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தான்தான் என்று தெரிந்த பிறகுதான் "அசிங்கமான கிழவி" என்ற வார்த்தை கடிதத்தில் வருகிறது. முகமும் முதுகும் அதேதான், ஒரு விநாடிக்குள் பெயர் மட்டும் மாறிவிட்டது. இதற்கு மேல் நான் விளக்கப் போவதில்லை. நீங்களே யோசியுங்கள்.

தினமும் கண்ணாடி முன் நின்று "நான் அழகாக இருக்கிறேன்" என்று பத்து தடவை சொல்லச் சொல்லி போனில் வீடியோக்கள் வருகின்றன. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. வாய் சொல்வதை மனசு நம்பாது. நம்பவில்லையே என்று இன்னொரு குறை சேரும். உங்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி ஏற்கெனவே இருக்கிறது. 35 வருடம் எத்தனை பெண்களுக்கு அளவு எடுத்திருப்பீர்கள்! இடுப்பு 38 என்றால் 38 என்று நோட்டில் எழுதுவீர்கள். முதுகு வளைந்தவருக்குப் பின்பக்க உயரத்தைக் கூட்டி வெட்டுவீர்கள், ஒரு தோள் இறங்கியவருக்கு அந்தப் பக்கத்தைத் தனியாகக் குறித்துக்கொள்வீர்கள். யாரிடமாவது "முதல்ல கையை இளைச்சிட்டு வா, அப்புறம் தைக்கிறேன்" என்று சொல்லியிருப்பீர்களா? நான்காம் பக்கத்தில், கடிதத்திலேயே கொஞ்சம் பெருமையாக எழுதிய இடம் ஒன்று இருக்கிறது. "நான் உள்ளே ஒன்றரை இஞ்ச் துணி விட்டுத்தான் தைப்பேன், பத்து வருஷம் கழித்தும் பிரித்து விட்டுப் போடலாம்." ஊர்ப் பெண்களின் உடம்பு மாறும் என்று முன்கூட்டியே தெரிந்து, அதற்கு இடம் விட்டுத் தைத்தவர் நீங்கள். உங்கள் உடம்பு மட்டும் மாறாது என்று எப்படி நினைத்தீர்கள்?

இன்றைக்கும் 50 வயதில் தைத்த ப்ளவுஸைத்தான் போடுகிறீர்கள். கை பிடிக்கிறது, அக்குளில் அறுக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ப்ளவுஸ் தினமும் காலையில் உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கழற்றிப் போடுவதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

சாயத்தைப் பற்றி. பெரும்பாலான கருப்புச் சாயங்களில் பிபிடி என்ற ரசாயனம் உண்டு. அரிப்பு வந்துவிட்டது என்றால் உடம்பு அதை எதிரியாகக் குறித்துக்கொண்டுவிட்டது. அடுத்தடுத்த தடவை முகம் வீங்குகிற அளவுக்கும் போகலாம். "கருப்பு மெஹந்தி" என்று விற்பதிலும் பலவற்றில் அதே ரசாயனம்தான், பெயரை நம்பாதீர்கள். எனக்கு வயது 59. போன வருடம் வரை இருபது நாளுக்கு ஒருமுறை கிண்ணமும் பிரஷுமாக உட்கார்ந்தவள்தான் நானும். விட்ட முதல் மூன்று மாதம் வரிக்குதிரை மாதிரி இருந்தேன். அதைக் கடந்தால் சரியாகிவிடும். சாயம் பூசுவதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். அரிக்காதவர், பிடித்தவர் பூசட்டும். உங்களுக்கு அரிக்கிறது.

நம் கதைகளில் ஒரு விநோதம் உண்டு. ஔவை பிள்ளையாரிடம் கேட்டு வாங்கியது முதுமையை. காரைக்கால் அம்மையார் சிவனிடம் கேட்டு வாங்கியது பேய் வடிவத்தை. மற்ற நாயன்மார்கள் நிற்க, அந்த அம்மாள் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பதைக் கோயிலில் பார்த்திருப்பீர்கள். பெண் ஊர் ஊராகப் போகவும், மன்னனுக்குப் புத்தி சொல்லவும், தன் இஷ்டத்துக்குப் பாடவும் வேண்டுமென்றால் முதலில் இளமையைக் கொடுத்துவிட வேண்டியிருந்திருக்கிறது. எனக்கு இந்தப் பேரம் பிடிக்காது. ஆனால் விலை தானாகவே போய்விட்டது என்றால், பொருளையாவது கேட்டு வாங்க வேண்டாமா?

ஒரு ஆராய்ச்சியும் சொல்கிறேன். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 50 வயதும் அதற்கு மேலும் உள்ள 660 பேரைப் பல வருடம் தொடர்ந்ததை வைத்து பெக்கா லெவி என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 2002இல் எழுதியது. தங்கள் முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட ஏழரை வருடம் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள், உடல்நிலை, வசதி போன்ற வித்தியாசங்களைக் கணக்கில் எடுத்த பிறகும். நல்லவிதமாகப் பார்த்ததால்தான் ஆயுள் கூடியது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் "கிழவி, பிரயோஜனமில்லை" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வது வெறும் பேச்சோடு போவதில்லை என்று நம்ப இது போதும்.

சுங்குடியும் நாத்தனாரும்

"நான் சந்தோஷமாக இருந்தால் அவரை மறந்த மாதிரி ஆகிவிடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி டிரிப் முடிந்து வரும் ராத்திரிகளில் கதம்பம் வாங்கி வந்து, கொடுக்கக் கூச்சப்பட்டு மெஷின் மேல் வைத்துவிட்டுப் போவார் என்று நீங்கள் எழுதியவர், உங்களை வெளிறிய சேலையில் பார்க்க ஆசைப்பட்டிருப்பாரா? தாலியும் மெட்டியும் கல்யாணத்தில் வந்தவை. பூவும் பொட்டும் நீங்கள் தவழ்ந்த காலத்தில் உங்கள் அம்மா வைத்துவிட்டவை. அவர் கொண்டுவராததை அவரோடு அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை.

ஊர் பேசும் என்பது உண்மை. பேசாது என்று பொய் சொல்லமாட்டேன். அதனால் சுங்குடியை அடுத்த கல்யாணத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். நாற்பது ஜோடிக் கண்கள் முன்னால் முதல் தடவை உடுத்தினால் நாள் பூரா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டே இருப்பீர்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காய்கறி வாங்கப் போகும்போது உடுத்துங்கள். நாலு தடவை துவைத்து அது உங்கள் சேலையாகிவிட்ட பிறகு விசேஷத்துக்குப் போகலாம். நாத்தனார் மறுபடி கேட்டால் காரணம் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். காரணம் சொன்னால் விவாதம் வளரும். "ஆமா மதினி, பிடிச்சிருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, அவருடைய முட்டி வலியை விசாரியுங்கள்.

வீடும் கார்டும்

இது பத்திர விஷயம். நான் வக்கீல் இல்லை, ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டு என் முன்னால் வந்து அழுத அம்மாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"எப்படியும் அவனுக்குத்தானே" என்பது பாதிகூடச் சரியில்லை. வீட்டுமனை உங்கள் கணவர் சம்பாத்தியத்தில் அவர் பெயரில் வாங்கியது, உயில் எழுதவில்லை, மாமியார் அவருக்கு முன்பே போய்விட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்களுக்கு மூன்றில் ஒன்று, மகனுக்கு ஒன்று, கோவை மகளுக்கு ஒன்று. முழு வீட்டையும் எழுதிக்கொடுக்க உங்களாலேயே முடியாது. உங்கள் பங்கைத்தான் கொடுக்க முடியும். மகளுக்குத் தெரியாமல் இதில் ஒரு அடி எடுத்து வைத்தாலும் பிள்ளைகள் இருவரும் பேசிக்கொள்ளாத நிலைக்கு அது கொண்டுபோய் விடும்.

கொண்டுவரும் பத்திரத்துக்கு "செட்டில்மெண்ட்" என்று பேர் இருக்கலாம், "விடுதலைப் பத்திரம்" என்றும் இருக்கலாம். எதுவானாலும் பதிவான அன்றே பங்கு கைமாறிவிடும், நினைத்தபோது திரும்ப வாங்க முடியாது. உயில் அப்படியில்லை. உங்கள் காலத்துக்குப் பிறகுதான் செல்லும், அதுவரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், இரண்டு சாட்சிகள் போதும். மகனுக்குத் தர ஆசை இருந்தால் உயிலாக எழுதுங்கள் என்பதுதான் என் யோசனை. இப்போதே கொடுத்தாக வேண்டிய நிலை வந்தால், கடைசி வரை உங்களைப் பராமரிக்க வேண்டும், அந்த வீட்டில் நீங்கள் வசிக்கலாம் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே எழுத்தில் இருக்கட்டும். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அப்படிக் கொடுத்த பிறகு பராமரிக்காமல் விட்டால் அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்க வழி தருகிறது. மனுவைக் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். நிபந்தனை எழுத்தில் இல்லாவிட்டால் வழக்கு இழுபறியாகும்.

யோசனை கேட்கச் செலவில்லை. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மூத்த குடிமக்களுக்கென்றே 14567 இருக்கிறது. உங்கள் மகன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. வங்கிக் கடனுக்காகக் கேட்கலாம், அப்பா வீடு பூட்டிக் கிடந்து பாழாகிறதே என்றும் கேட்கலாம். "என்ன அவசரம்ப்பா, அக்காவும் வரட்டும், மூணு பேரும் உக்காந்து பேசுவோம்" என்று சொல்லுங்கள். அதற்கு அவர் முகம் எப்படிப் போகிறது என்பதிலேயே நிறையத் தெரிந்துவிடும்.

கார்டைத் திரும்பக் கேளுங்கள். "எனக்கு என்ன செலவு" என்கிறீர்கள். சுங்குடிக்கு லைனிங் துணி, பேரனுக்கு ஒரு பம்பரம், கோயில் வாசலில் ஒரு முழம் பூ. ஒவ்வொன்றுக்கும் கை நீட்டிக் கேட்க வேண்டியிருப்பதால்தான் செலவே இல்லாமல் போயிருக்கிறது.

மெஷின்

ஒன்பது பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் உங்கள் கையெழுத்து கொஞ்சம் ஓடியிருக்கிறது. சாயங்காலம் நாலு மணி, திண்ணை, பக்கத்தில் ரேடியோ, டீ டம்ளர், ப்ளவுஸ் வாங்க வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போகாமல் ஆறு மணி வரை பேசிக்கொண்டிருப்பது. எட்டு வரி. அதில் ஒரு குறைகூட இல்லை. நீங்கள் இழந்தது தையல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்; அந்த எட்டு வரியில் தையலைப் பற்றி ஒரு வார்த்தைதான் இருக்கிறது, மீதி முழுக்க வந்தவர்களின் பேச்சு.

மெஷினை வரவழையுங்கள். லாரி பார்சலில் வந்துவிடும். பெல்ட் மாற்றி, எண்ணெய் விட்டால் ஓடும். இடம் இல்லை என்றால் பால்கனி போதும். மருமகளின் "ரெஸ்ட் எடுங்க" உங்கள் காதில் "நீங்கள் வேண்டாம்" என்று விழுகிறது. "மாமியாரை வேலை வாங்குகிறாள்" என்று ஊரில் பேர் வந்துவிடும் என்று அவள் பயப்படுகிறாளோ என்னவோ. கேட்டுப்பாருங்கள்.

அதற்கு முன் கண். ஊசியில் நூல் கோக்க முடியாதது, ராத்திரியில் எதிரே வரும் வண்டி விளக்கு சிதறித் தெரிவது, இரண்டையும் "வயசு" என்று எழுதியிருக்கிறீர்கள். கண்புரையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, சின்ன ஆபரேஷனில் சரியாகிவிடக்கூடியது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வுபெற்ற பிறகு, 58 வயதில், 1976இல் 11 படுக்கையோடு தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. இளம் வயதிலேயே முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களுக்குத் தகுந்த மாதிரி கத்தி பிடிக்கப் பழகிக்கொண்டு லட்சத்துக்கு மேல் கண் ஆபரேஷன் செய்தார். விரல் பழையபடி நேராகட்டும் என்று அவர் காத்திருந்திருந்தால் மருத்துவமனை வந்திருக்காது.

ப்ளவுஸ் வேண்டாம், முதலில் சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பதில் தொடங்குங்கள். குடியிருப்பில் ஒரு தையல்காரம்மா இருப்பது தெரிந்தால் கீழே பெஞ்சுக்கு நீங்கள் போக வேண்டியதில்லை, பெஞ்சே மேலே வந்துவிடும். காசு வாங்குங்கள், சும்மா தைத்துக் கொடுத்தால் இரண்டு மாதத்தில் அலுத்துவிடும். அதே சமயம் ஒரு எச்சரிக்கை. தைத்துக் கொடுத்தால்தான் எனக்கு மதிப்பு என்ற இடத்துக்குப் போய்விடாதீர்கள். கை நடுங்குகிற ஒரு காலமும் வரும். வாரத்தில் ஒரு மத்தியானமாவது எந்தப் பிரயோஜனமும் இல்லாமல் கழியட்டும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கடைசி ஸ்டாப் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வாருங்கள். நடத்துநர் பெண்டாட்டி, எந்த சீட்டில் ஆட்டம் குறைவு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் லேடி டாக்டர், அடுத்து கண், அப்புறம் மெஷின். பத்திரம் எங்கேயும் ஓடிவிடாது.

மெஷின் வந்ததும் முதல் ப்ளவுஸ் சுங்குடிக்கு, உங்களுக்கு. பழைய அளவு ப்ளவுஸை வைத்து வெட்டாதீர்கள், டேப்பை எடுங்கள். முதுகுப்பக்க அளவைத் தானே எடுக்க முடியாது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மருமகளைக் கூப்பிட்டு ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லுங்கள்.